ஐ.பி. கண்காணிப்பு கேமராக்கள்: நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

அனலாக் கேமராக்களிலிருந்து ஐ.பி. கேமராக்களுக்கு மாறும் நிறுவனங்கள், படத்தின் தெளிவை மட்டுமன்றி, கேமராவின் இணையப் பாதுகாப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும். அதனுள் அந்நியர் ஊடுருவினால், காவலுக்கு வைத்த கருவியே வேவு பார்க்கும் கருவியாகிவிடும்.

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை, சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது. எனவே, வாங்குமுன் அந்த மாடலுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு உள்ளதா எனச் சரிபார்ப்பது அவசியம்.

அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியதில்லை. இருவகை கேமராக்களையும் ஏற்கும் ஹைபிரிட் ரெக்கார்டரைப் பொருத்தி, நுழைவாயில், பணம் செலுத்துமிடம் ஆகியவற்றில் முதலில் ஐ.பி. கேமராக்களை அமைக்கலாம். பி.ஓ.இ. வசதி இருப்பின், மின்சாரமும் காட்சித் தரவும் ஒரே கேபிளில் செல்லும். அதன் நீளம் 100 மீட்டருக்கு மிகாதிருத்தல் நலம். தயாரிப்பாளர் அளித்த கடவுச்சொல்லை, கேமராவை நிறுவியவுடன் மாற்றிவிட வேண்டும்.