மூக்கறுப்பு முதல் சுருக்க நீக்கம் வரை: மூக்குத்தண்டு மருத்துவத்தின் வரலாறு

சிரிக்கும்போதும் வெயிலில் கண்களை இடுக்கும்போதும் மூக்குத்தண்டின் மேற்பகுதியில் சிறு கோடுகள் விழுகின்றன. வயது ஏற ஏற அவை நிலையான சுருக்கங்களாகத் தங்கிவிடுகின்றன. அவற்றை நீக்க இன்று ஊசிமருந்துகள் முதல் லேசர் வரை பல சிகிச்சைகள் உள்ளன. ஆயினும் இரு புருவங்களுக்கு இடையிலுள்ள இந்தச் சிறிய இடம் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது அழகுக்காக அன்று. போரிலும் தண்டனையிலும் மூக்கை இழந்தவர்களுக்கு மீண்டும் முகம் கொடுப்பதற்காகவே அது முதலில் பயன்பட்டது.

மூக்கும் மானமும்

அவமானப்பட்டதைத் தமிழில் இன்றும் ‘மூக்கறுபட்டது’ என்றே சொல்கிறோம். மூக்கை அறுப்பது ஒருவரை உயிரோடு விட்டு மானத்தை அழிக்கும் தண்டனையாக இருந்தது. திருவாரூர்க் கோயிலில் பூவை முகர்ந்த பல்லவ அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அறுத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அவள் கணவரான கழற்சிங்கர் பூவை எடுத்த கையையும் வெட்டினார் என்கிறது அந்நூல். அவர் காஞ்சியை ஆண்ட பல்லவர் மரபினர்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. திருமலை நாயக்கரின் தரப்பு இராமநாதபுரம் சேதுபதியின் உதவியுடன் அப்படையை விரட்டி, மைசூர் மண்ணில் அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. வரலாற்றில் இது ‘மூக்கறு போர்’ எனப்படுகிறது.

சுசுருதர் கூறிய முறை

அறுபட்ட மூக்கைச் சீர்செய்யும் முறையைச் சுசுருத சங்கிதை விளக்குகிறது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டிக்கொள்ள வேண்டும். அதே அளவில் கன்னத்துத் தோலை, ஒரு முனை ஒட்டியிருக்கும்படி உரித்து மூக்கின் மேல் பொருத்த வேண்டும். மூச்சு விடுவதற்காக இரு குழாய்களை உள்ளே வைக்க வேண்டும். பின்னாளில் கன்னத்துக்குப் பதிலாக நெற்றித் தோலைப் பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவில் வளர்ந்தது.

கவாஸ்ஜியின் மூக்கு

நெற்றித் தோல் முறையை உலகம் அறியக் காரணமானவர் கவாஸ்ஜி என்ற மராத்திய மாட்டு வண்டிக்காரர். மூன்றாம் ஆங்கிலேய–மைசூர்ப் போரில் (1790–1792) ஆங்கிலப் படையில் வேலை செய்த அவர் திப்பு சுல்தானின் வீரர்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்த பின் புனே அருகில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. சிகிச்சை செய்தவர் செங்கல் சுடும் தொழில் செய்யும் வகுப்பைச் சேர்ந்தவர்.

1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் வெளியான கடிதம் அந்த முறையை விவரித்தது. மெல்லிய மெழுகுத் தகட்டில் மூக்கின் வடிவம் எடுக்கப்பட்டது. தகட்டை விரித்து நெற்றியில் வைத்து, அதன் ஓரமாகக் கோடிட்டுத் தோல் உரிக்கப்பட்டது. புருவங்களுக்கு நடுவில் மட்டும் ஒரு சிறு துண்டு அறுபடாமல் விடப்பட்டது. தோலை அரைத் திருப்பாகத் திருப்பிக் கீழே இறக்கி, பழைய தழும்பைச் சீவிய இடத்தில் பொருத்தினார்கள். காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவிக் கட்டுப் போட்டார்கள். ஏறத்தாழ 25ஆம் நாளில்தான் புருவ நடுவிலிருந்த இணைப்பு வெட்டப்பட்டது.

அந்த இணைப்பின் வழியாகத்தான் புதிய மூக்குக்கு இரத்தம் சென்றது. அதை முன்னதாக வெட்டினால் ஒட்டிய தோல் அழுகிவிடும். இந்த நுட்பத்தைத் தெரிந்து செய்தவரின் பெயரைக் கடிதம் தரவில்லை.

செய்தியைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில அறுவை மருத்துவர் பிணங்களில் பலமுறை பயிற்சி செய்தார். 1814 அக்டோபர் 23 அன்று லண்டனில் ஓர் இராணுவ அதிகாரிக்கு இம்முறையில் மூக்கு அமைத்தார். 1816இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ஐரோப்பாவில் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவம் புத்துயிர் பெற்றதில் இந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. நெற்றித் தோல் முறை இன்றும் கையாளப்படுகிறது. புற்றுநோயால் மூக்கின் பகுதியை இழந்தவர்களுக்கு அது சிறப்பாக உதவுகிறது.

சுருக்கம் நீக்கும் காலம்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே இடம் அழகியல் மருத்துவத்தின் கவனத்துக்கு வந்தது. கெட்டுப்போன உணவில் உருவாகும் போட்டுலினம் நச்சை, மிகச் சிறிய அளவில், மாறுகண்ணைச் சரிசெய்ய அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் பயன்படுத்தினார். கனடாவின் வான்கூவரில் ஜீன் காருதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமைத் துடிப்புக்கு இந்த ஊசி போட்டவர்களின் புருவ நடுச் சுருக்கமும் மறைவதைக் கவனித்தார். அவரும் தோல் மருத்துவரான அவருடைய கணவர் அலஸ்டேரும் 1992இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டனர். 2002இல் அமெரிக்க அரசு புருவ நடுச் சுருக்கத்திற்கு ‘போடாக்ஸ்’ ஊசியை அனுமதித்தது.

இம்மருந்து தசையைத் தளர்த்துவதால், தசை அசைவில் விழும் கோடுகள் குறைகின்றன. மூக்குத்தண்டின் பக்கக் கோடுகளுக்கும் சிறு அளவில் இதைப் போடுகிறார்கள். பயன் பொதுவாக மூன்று, நான்கு மாதங்கள் நீடிக்கும். தோலிலேயே ஆழமாகப் பதிந்துவிட்ட கோடுகளுக்கு லேசர் சிகிச்சையும், ஹையலூரானிக் அமிலம் போன்ற நிரப்பிகளும் உள்ளன.

நிரப்பிகளில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. கவாஸ்ஜியின் புதிய மூக்குக்கு உயிர் கொடுத்த புருவ நடு இரத்தக் குழாய்கள், கண்ணுக்குச் செல்லும் தமனியின் கிளைகள். நிரப்பி தவறுதலாக அவற்றுக்குள் நுழைந்தால் பின்னோக்கிச் சென்று விழித்திரையின் இரத்த ஓட்டத்தை அடைத்துவிடலாம். பார்வை நிரந்தரமாகப் பறிபோகும் அபாயம் உண்டு. நிரப்பி ஊசியால் பார்வை இழந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளில் மூக்கும் புருவ நடுவும் முதன்மை இடங்களாக உள்ளன. ஊசி போட்டவுடன் கடும் வலி, தோல் வெளுத்தல், பார்வை மங்கல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனடி மருத்துவ உதவி தேவை.

எனவே இச்சிகிச்சைக்கு முகத்தின் இரத்தக் குழாய் அமைப்பை நன்கறிந்த, தகுதி பெற்ற மருத்துவரையே நாட வேண்டும். 25 நாள் பொறுத்திருந்து இணைப்பை வெட்டிய அந்தப் பெயர் தெரியாத மருத்துவர் அறிந்திருந்ததும் இந்தக் குழாய்களின் அருமையைத்தான்.