எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள்: காற்றுக் கண்காணிப்பும் விதிகளும் (தமிழ்நாடு)

ஒசூர், கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எதுவும் இல்லை. 1970களில் ஒசூரில் சிப்காட் தொழில் வளாகம் வந்தது முதல் அங்கே கொதிகலன்களிலும் ஜெனரேட்டர்களிலும் எரியும் எண்ணெயெல்லாம் வெளியிலிருந்து வருவதே. எனவே தமிழகத்தில் இந்த வரலாறு வடசென்னையின் மணலியில் தொடங்குகிறது.

இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியான மெட்ராஸ் ரிஃபைனரீஸ், ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் 1969இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். திறன் 105 லட்சம் டன். தொடங்கியபோது காற்று மாசுக்கென ஒரு மத்தியச் சட்டம்கூட இல்லை.

இத்துறையில் நாட்டின் கவனத்தை முதலில் இழுத்தது தாஜ்மகால்தான். அதற்கு அருகே திட்டமிடப்பட்ட மதுரா சுத்திகரிப்பு ஆலையின் புகை அதன் பளிங்கைக் கெடுக்குமா என்று ஆராய 1974இலேயே வரதராஜன் குழு அமைக்கப்பட்டது. மணலியில் அப்படியொரு பளிங்கு இல்லை, குடியிருப்புகளே இருந்தன. காற்றுச் சட்டம் 1981இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் உருவானது. சுத்திகரிப்பு ஆலைகளுக்கான விரிவான உமிழ்வு வரம்புகளுக்கு 2008 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த விதிகளின் மையம் கந்தகம். கச்சா எண்ணெயிலுள்ள கந்தகம் ஆலையில் ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரிகிறது. அதைத் திடக் கந்தகமாக மீட்காவிட்டால் எரிந்து கந்தக டைஆக்சைடாகக் காற்றில் கலக்கும். நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேல் மீட்கும் பழைய அலகுகள் 98.7 சதவீதத்தையும், புதியவை 99.5 சதவீதத்தையும் பிடித்தாக வேண்டும். உலைகளில் திரவ எரிபொருள் எரித்தால் ஒரு கன மீட்டர் புகையில் பழையவற்றுக்கு 1,700 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடு வரை அனுமதி. வாயு எரித்தால் 50 மட்டுமே. வால்வு, பம்புகளில் கசியும் ஆவியைத் தேடி அடைப்பதும் கடமையானது. புகைபோக்கியை மட்டும் பார்த்தால் போதாது என்பதை ஒப்புக்கொண்ட நல்ல மாற்றம் இது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009 மதிப்பீடு மணலியைக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் சேர்த்தது. புகைபோக்கி அளவீடுகளை இணையவழி நேரடியாக அனுப்பும் உத்தரவு 2014இல் வந்தது.

ஒசூருக்கு, ஆலைகளில் கந்தகம் பிரிப்பதன் பயன் எரிபொருளின் வழியே சேர்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வாகன உமிழ்வு விதிகள் அமலானதும் டீசலில் கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆனது. பெங்களூரு நெடுஞ்சாலை லாரிகளின் புகையில் குறையும் கந்தகம் சுத்திகரிப்பு ஆலைகளிலேயே பிரித்தெடுக்கப்படுகிறது; மணலி போன்ற இடங்களில் மீட்பு அலகுகளின் சுமை அதனால் கூடியது. கர்நாடக எல்லையிலோ மேற்பார்வை இரு கைகளில் இருக்கிறது: ஒசூர் தமிழக வாரியத்திடம், பக்கத்து அத்திப்பள்ளி 1974இல் அமைந்த கர்நாடக வாரியத்திடம்.