மேகப் பனித்துகள்: ராடார் ஆய்வு வரலாறு

மேகத்தினுள் பனிப்படிகங்கள் தோன்றி வளர்வதை ரேடியோ அலைகளின் எதிரொலி கொண்டு ஆராயும் மேக இயற்பியல் கிளை.

கோட்பாடு ராடாருக்கு முந்தியது. உறைநிலைக்குக் கீழும் உறையாத நீர்த்துளிகளிடையே பனிப்படிகம் ஒன்று இருந்தால், துளிகள் ஆவியாகிச் சுருங்கும். அந்த ஆவியை ஏற்றுப் படிகம் பருக்கும். வேகனர் 1911-இல் சுட்டிய இக்கருத்தைப் பெர்கெரோனும் ஃபிண்டைசனும் 1930-களில் விரித்தனர்.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களைத் தேடிய ராடார் திரைகளில் மழையும் தெரிந்தது. ராணுவத்துக்கு அது தொல்லை. மழையும் பனியும் எவ்வளவு எதிரொலி தரும் என்பதை இங்கிலாந்தின் வெம்ப்ளியில் ஜே. டபிள்யூ. ரைட் கணக்கிட்டார். உருகுமட்டத்துக்குச் சற்றுக் கீழே திரையில் பளிச்சிடும் ஒளிர்பட்டைக்கு 1946-இல் அவர் தந்த விளக்கம் அடிப்படையில் இன்றும் நிற்கிறது. (பட்டையைப் பல குழுக்கள் கண்டிருந்தன, முதலில் கண்டவர் என ஒருவரைச் சுட்டுவது கடினம்.) ஒரே அளவுள்ள நீர்த்துளி தரும் எதிரொலியில் பனித்துகள் தருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். உருகத் தொடங்கும் செதில் மேலே நீர் பூசிக்கொண்டதும், உடல் இன்னும் பனியாகவே இருக்க, பெருந்துளியைப் போல எதிரொலிக்கிறது. முழுதும் உருகியபின் சுருங்கி வேகமாக விழுவதால் துளிகளிடையே இடைவெளி கூடி எதிரொலி தணிகிறது. செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதன் பங்கு எவ்வளவு என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை.

போருக்குப்பின் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மார்ஷல் நடத்திய ‘புயல் வானிலைக் குழு’ இத்துறையின் மையமானது. செங்குத்தாக மேல்நோக்கிய ராடாரின் பதிவுகளில், உயரத்தில் படிகங்கள் பிறக்கும் சிறு ஊற்றறைகளிலிருந்து பனி சீவிவிட்ட கூந்தல் போலச் சாய்ந்து இறங்குவது தெரிந்தது. உயரத்துக்கேற்பக் காற்றின் வேகம் சீராக மாறினால் அந்த வளைவு பரவளையமாகும் என்று மார்ஷல் 1953-இல் காட்டினார். மங்கலான கறுப்பு வெள்ளைப் பதிவொன்றின் வளைவைக் காற்று, விழுவேகம், பிறப்பிடம் மூன்றோடும் இணைத்த அந்தக் கணக்கின் எளிமை குறிப்பிடத்தக்கது.

பின்னர், எதிரொலியின் அலைவெண் மாற்றத்திலிருந்து வேகத்தை அறியும் டாப்ளர் ராடார்கள் துகள்களின் விழுவேகத்தை நேரடியாக அளந்தன.

மேகத்தில் பனித்துகள்கள் அவற்றை உண்டாக்கும் உறைகருக்களைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பது பழைய புதிர். −3 முதல் −8 டிகிரி செல்சியஸ் வரை, உறையாத குளிர்துளிகள் பனித்துகள் மீது படிந்து உறையும்போது பனிச்சில்லுகள் தெறிக்கின்றன என்று ஹாலெட்டும் மாஸப்பும் 1974-இல் அறிவித்தனர். பிற்காலச் சோதனைகளுள் சில அதை உறுதிசெய்யவில்லை.

செலிகாவும் பிரிங்கியும் 1976-இல் மழை அளவீட்டுக்கு முன்வைத்த, கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் அலைகளின் எதிரொலிகளை ஒப்பிடும் இரட்டை முனைவாக்க முறை பின்னர் பனிக்கும் பயன்பட்டது. தட்டைப் படிகங்கள் கிடையாக மிதப்பதால் கிடைத்தள அலைக்குக் கூடுதல் எதிரொலி தருகின்றன. −15 டிகிரி அளவில் கிளைப்படிகங்கள் விரைந்து வளரும் அடுக்கு இதனால் புலப்பட்டது. அங்கு தோன்றும் குறி அடர்ந்த தனிப்படிகங்களுடையதா, ஒட்டத் தொடங்கிய திரள்களுடையதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

விண்வெளியிலிருந்து மேகத்தை ஆராய 94 கிகாஹெர்ட்ஸ் ராடாருடன் கிளவுட்சாட் செயற்கைக்கோள் 2006-இல் ஏவப்பட்டது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோளின் ஜப்பானிய ராடார் டாப்ளர் வேகத்தையும் அளக்கிறது.