கொட்டலசு மூடிய கேமரா

கேனான் ஜி12 தண்ணீருக்கென்று செய்யப்பட்ட கேமரா இல்லை. 2010-இல் வந்த அந்த மாடல், மழைத்தூறலுக்கே ஒதுங்க வேண்டிய சாதாரண டிஜிட்டல் கேமராதான். அதைக் கடலுக்குள் இறக்கியது கேனானே தனியாக விற்ற ஒரு பிளாஸ்டிக் உறை. 40 மீட்டர் ஆழம் வரை தாங்கும். எஸ்எல்ஆர் கேமராவுக்கு அலுமினிய உறை வாங்கப் போனால் சில சமயம் கேமராவின் விலையையே அது மிஞ்சிவிடும். அவ்வளவு செலவழிக்க முடியாத டைவர்களுக்கு இந்த ஜோடி போதுமானதாக இருந்தது.

உறையில் பெரிய நுட்பம் ஏதுமில்லை. கதவின் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம், வெளியே ஒரு கொக்கி. பத்து மீட்டர் இறங்கும்தோறும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது; அந்த அழுத்தமே கதவை வளையத்தின் மேல் அமுக்கி இடுக்கை இறுக்கிவிடும். அதனால் ஆழத்தைவிட அலையடிக்கும் மேல்மட்டத்தில்தான் பயம் அதிகம். வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினால் போதும், கேமரா காலி.

இன்னொரு குணமும் உண்டு. உள்ளே காற்று அடைந்திருப்பதால் உறை மேலே எழும்பப் பார்க்கும். அதை அடக்கிவைக்க கேனான் எடைக்கட்டிகளையும் விற்றது. கையில் இருக்கும்வரை இது தொல்லை. கைநழுவிவிட்டால் இதுதான் பிழைக்கும் வழி.

2015 செப்டம்பரில் ஜப்பானின் இஷிகாகி தீவருகே அப்படித்தான் ஒரு ஜி12 நழுவியது. உடன் இறங்கிய தோழிக்குக் காற்று தீர்ந்துபோக, உதவப் போனார் அதன் சொந்தக்காரப் பெண். கேமராவைப் பார்க்கிற நேரமா அது?

தைவானின் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஓடும் குரோஷியோ நீரோட்டம், தைவானுக்கும் இஷிகாகி அடங்கிய தீவுக்கூட்டத்துக்கும் நடுவே புகுந்து கிழக்குச் சீனக் கடலுக்குள் போகிறது. இஷிகாகியிலிருந்து, தைவானில் கேமரா கரையேறிய இடம் நேர்க்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். போய்ச் சேர ஆனதோ இரண்டரை ஆண்டு. எத்தனை சுழலில் சுற்றியதோ! வெறும் பிளாஸ்டிக்காகப் போனது, போகிற வழியில் கொட்டலசும் சிப்பியும் குடியேறி, பார்வைக்குக் கல்லாகிவிட்டது.

2018 மார்ச்சில் தைவானின் சுவாவ் கடற்கரையில் குப்பை பொறுக்கிய ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவன் கையில் அது சிக்கியது. உறையைத் திறந்தால் உள்ளே ஈரமே இல்லை. ரப்பர் வளையத்தை ஆண்டுக்கொரு முறையாவது மாற்றச் சொல்வது கேனானின் அறிவுரை! பொத்தானை அழுத்தினார்கள், பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருந்தது.

கிடைத்தது குப்பைதானே, நாமே வைத்துக்கொள்ளலாம் என்றது பிள்ளைகளில் ஒரு கட்சி. உரியவரைத் தேட வேண்டும் என்றது மற்றொன்று. இரண்டாம் கட்சி வென்றது. மெமரி கார்டில் ஜப்பானில் எடுத்த விடுமுறைப் படங்கள் இருந்ததால், ஆசிரியர் சீனத்திலும் ஜப்பானியத்திலும் எழுதி ஃபேஸ்புக்கில் போட்டார். பத்தாயிரம் பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். கடலில் இரண்டரை ஆண்டு அலைந்த கேமராவுக்கு, கரையேறிய பிறகு உரியவரைக் கண்டுபிடிக்கச் சில நாட்களே ஆயின.