அயர்லாந்தின் நிழலும் ஓர் அந்தரங்கக் கடிதமும்

1894ஆம் ஆண்டுச் சென்னைக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் ஆல்பிரட் வெப் என்னும் ஐரிஷ் தேசியவாதி. பார்னெலின் தலைமையை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வியில் 1890 டிசம்பரில் ஐரிஷ் கட்சி பிளவுண்டபோது, அவர் பார்னெலுக்கு எதிரணியில் நின்றார். கிளாட்ஸ்டன் எழுதி வெளியிட்ட கடிதம் ஒன்று அப்பிளவைப் பெரிதாக்கியது. இருபதாண்டுகள் கழித்து, அதே சென்னையில், நம் தலைவர்களிடையேயும் ஒரு கடிதம் புயலைக் கிளப்பிற்று.

1907 டிசம்பரில் சூரத்தில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்த வரலாற்றை நாம் நன்கறிவோம்; பாரதியாரும் வ.உ.சி.யும் திலகர் பக்கம் நின்றனர். 1914 ஜூனில் மாண்டலே சிறையிலிருந்து திலகர் மீண்டதும், இரு சாராரையும் இணைக்க முன்வந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். தம் உடலில் ஓடுவது பெரும்பாலும் ஐரிஷ் குருதியே என்று பெருமையோடு கூறிக்கொண்டவர் அவர். காங்கிரஸ் பொதுச்செயலாளர் நியாபதி சுப்பாராவ் பந்துலுவும் அம்மையாரும் புனாவில் திலகரையும் கோகலேயையும் கண்டு பேசினர். இணக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவ்வேளையில், சென்னைக் காங்கிரசின் தலைவராகத் தேர்வுபெற்றிருந்த பூபேந்திரநாத் பாசுவுக்குக் கோகலே அந்தரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். அரசோடு ஒத்துழைத்தும் வேண்டுமிடத்து எதிர்த்தும் செல்லும் வழியைத் திலகர் விட்டுவிடுவார். சட்ட வரம்புக்குள் நின்றே முழு எதிர்ப்பை, அதாவது ஐரிஷ் தடைமுறையை, மேற்கொள்வார். ஆகவே சமரசத்தை ஆதரிக்க இயலாது என்பதே அதன் சாரம். பார்னெல் குழுவினர் 1881இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை 41 மணி நேரம் இடைவிடாது அமரவைத்த முறைதான் அது. அப்படித் தடுப்பதற்குக் காங்கிரசிடம் ஒரு நாடாளுமன்றமே இல்லையே என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது!

கடிதச் செய்தி விஷயாலோசனைக் குழுவில் கசிந்தபோது, ‘தடைமுறை’ ‘அரசுப் பகிஷ்காரம்’ ஆகிவிட்டது. அம்மையார் திலகருக்குத் தந்தியடித்தார். தாம் அரசைப் பகிஷ்கரிக்குமாறு ஒருபோதும் கூறியதில்லை என்றும், நகரசபைகளிலும் சட்டசபைகளிலும் பணிபுரிந்த தம் அன்பர்களை ஆதரித்தே வந்ததாகவும் திலகர் மறுமொழி விடுத்தார். எனினும் இணைப்பு ஒத்திவைக்கப்பட்டது. 1915 தொடக்கத்தில் வாதம் பத்திரிகைகளுக்கு ஏறிற்று.

கோகலேயின் அச்சம் ஆதாரமற்றதென்று நாம் கூறமாட்டோம். திலகர் உள்ளே வந்தால் பழைய காங்கிரஸ் பழையபடி இராது என்று அவர் கணித்தது சரியே. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் காணாத கடிதத்தால் ஒரு தேசிய சபையின் கதவை அடைத்தது முறையாகுமா? பெங்களூரில் 1945இல் கோகலே பெயரால் பொது விவகார நிலையம் கண்ட டி.வி. குண்டப்பா போன்றோர் போற்றிய அந்தத் தூய உள்ளத்துக்கு, இம்முறை பொருந்தியதாக நமக்குத் தோன்றவில்லை.

1915 பிப்ரவரி 19ஆம் நாள் கோகலே மறைந்தார். பூசல் ஆறுமுன்னரே நேர்ந்த மரணம். சுடலைக்கு விரைந்து வந்த திலகர், எதிரணித் தலைவரை மனமாரப் புகழ்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாய்க் காங்கிரஸ் விதிகளைத் தளர்த்தியது. 1916இல் லக்னோவில் திலகர் மீண்டும் காங்கிரஸ் மேடையேறினார். அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, ஏப்ரலில், இன்றைய கருநாடகத்தின் பெல்காமில் அவர் தம் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ஹோம் ரூல். அயர்லாந்திலிருந்து வந்த பெயர்.