ஒரே பொருள், இரண்டு பெயர்
தம்பி தங்கச்சிமாரே, 1975இல் இந்தியாவில் 'ஃபெயார் அன்ட் லவ்லி' விற்பனைக்கு வந்தது. எங்கள் அம்மாமார் பலருக்குத் தெரிந்த ரியூப் அது. அதன் முக்கியப் பொருள் நியாசினமைட், அதாவது விற்றமின் பி3. ஆனால் விளம்பரத்தில் விற்றது வெள்ளைத் தோல் என்ற ஆசை. 2020இல்தான் பெயரிலிருந்த 'ஃபெயார்' போய் 'குளோ' வந்தது.

இதற்கிடையில், 2013இல் எங்கள் ரொறன்ரோவில் பிராண்டன் ட்ருவாக்ஸ் டெசியம் நிறுவனத்தைத் தொடங்கினார். வாட்டர்லூவில் கணினி படித்தவர். 2016இல் வந்த அவர்களுடைய 'தி ஓர்டினரி' போத்தலில் பொருளின் பெயரையும் அளவையுமே எழுதினார்கள்: நியாசினமைட் 10%, சிங்க் 1%.

பொருள் அதேதான். பரு ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு நிற்கிறதா? அது மங்க நியாசினமைட் உதவலாம், சன்ஸ்கிரீனும் வேண்டும். தழும்புக்குத்தான் மருந்து, உங்கள் நிறத்துக்கு அல்ல. வாங்கும்போது போத்தலின் பின்பக்கத்தையும் வாசியுங்கள்.