உழவர்கள் தொழில்நுட்ப உதவி கேட்ட வரலாறு

பயிர், கால்நடை, கருவி ஆகியவற்றில் கோளாறு நேரும்போது, அதை நேரில் பார்க்காத வல்லுநரிடம் விவரம் சொல்லித் தீர்வு பெறுவது தொழில்நுட்ப உதவி கேட்டல் ஆகும். தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உடைய துறை வேளாண்மை. அவ்வரலாற்றோடு தொடர்புடைய இரண்டு இடங்கள் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஒரே நெடுவழியில் உள்ளன. ஒன்று சைதாப்பேட்டை, மற்றொன்று காட்டாங்கொளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கம். இவ்விரண்டுக்கும் இடையில் தாம்பரமும், ஏரிப்பாசன ஊராக இருந்து புறநகராகிவிட்ட பீர்க்கன்கரணையும் அமைந்துள்ளன.

தொடக்கம்

1868ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் கல்லூரியாக வளர்ந்த இது, 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் இதுவே. அக்காலத்தில் அறிவு ஒரே திசையில் சென்றது: அறிஞர் சொல்வார், உழவர் கேட்டுக்கொள்வார். உழவர் கேள்வி கேட்பதற்கான வழி குறுகியதாக இருந்தது.

1960இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகம் வானொலி நிகழ்ச்சிகள் வழியாகப் பரவியதால், மக்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். வானொலியால் செய்தி வேகமாகப் பரவியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வயலில் என்ன நடக்கிறது என்பதை வானொலியால் கேட்டறிய முடியவில்லை.

கேள்வி கேட்கும் வழிகள்

1974இல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் அமைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்கள் பின்னர் மாவட்டந்தோறும் பரவின. காட்டுப்பாக்கத்தில் உள்ள நிலையம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. 1980களில் நடைமுறைக்கு வந்த பயிற்சி வழித் தொடர்புத் திட்டத்தின்படி, வேளாண் அலுவலர்கள் குறித்த நாளில் குறித்த ஊருக்குச் சென்றனர். அலுவலரைத் தேடி அலைவதற்குப் பதிலாக, அவர் வரும் நாளுக்குள் உழவர் தம் கேள்வியைத் தயாராக வைத்திருக்க முடிந்தது.

2004 சனவரி 21இல் கிசான் கால் சென்டர் என்னும் உழவர் அழைப்பு மையங்கள் தொடங்கப்பட்டன. 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் உழவர்கள் தம் தாய்மொழியிலேயே கேட்கலாம். இதனால் பயணச் செலவு குறைந்தது. அதே வேளையில் புதிய சிக்கலும் எழுந்தது. பதில் சொல்பவர் பயிரைப் பார்க்க முடியாது. உழவர் சொல்லும் சொற்களே அவருக்குக் கண்.

ஒரே புகார், பல காரணங்கள்

‘பயிர் மஞ்சளாகிறது’ என்பது உழவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார். இந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டு யாராலும் சரியான தீர்வு சொல்ல முடியாது. அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைபாடாக இருக்கலாம். நுனியில் உள்ள இளம் இலைகள் முதலில் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைபாட்டை ஐயுற வேண்டும். நெல் மஞ்சளாவதோடு வளர்ச்சியும் குன்றினால், பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ என்னும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்தால், தூரின் அடியில் புகையான் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தவறான காரணத்தைக் கொண்டு மருந்திடுவது வீண் செலவு மட்டுமன்று. புகையான் தாக்கிய வயலுக்குத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியா இட்டால், தாக்குதல் மேலும் கூடும். அரைகுறையாகச் சொன்ன விவரத்துக்கு உழவர் விளைச்சலையே விலையாகக் கொடுக்க நேரும்.

நல்ல கேள்வியின் கூறுகள்

இந்த அனுபவத்திலிருந்து, உதவி கேட்பவர் சொல்ல வேண்டியவை தெளிவாயின:

• பயிர், இரகம், நட்டு எத்தனை நாள்
• அறிகுறி எந்தப் பகுதியில், எப்போது தொடங்கியது
• வயல் முழுவதுமா, திட்டுத் திட்டாகவா
• நீர் நிலை, அண்மைய மழை
• இதுவரை இட்ட உரமும் தெளித்த மருந்தும், அவற்றின் அளவும்

இவற்றுள் கடைசியாக உள்ளதையே பலர் சொல்லத் தயங்குவர். கடைக்காரர் கொடுத்த மருந்தை முன்பே தெளித்துவிட்டதாகச் சொன்னால் அலுவலர் கடிந்துகொள்வார் என்ற அச்சமே காரணம். அதை மறைத்தால் அதே மருந்து மீண்டும் பரிந்துரைக்கப்படக்கூடும். ஆகவே கடிந்துகொள்ளாமல் கேட்பது பதில் சொல்பவரின் கடமையாகிறது.

உழவர்களின் வழக்குச் சொற்களும் இங்கே பயன்படுகின்றன. குருத்துப்பூச்சி, வெண்கதிர், குலைநோய், கோமாரி போன்ற சொற்கள் நோயின் பெயரை மட்டுமன்றி, பல நேரங்களில் பாதிப்பு தோன்றும் இடத்தையோ தோற்றத்தையோ காட்டுபவை. நூற்பெயர் தெரியாதது குறையன்று. கண்டதைக் கண்டவாறு சொல்வதே போதுமானது.

சொல்லுக்குப் பதிலாக மாதிரி

மண் ஆய்வும் ஒரு வகைக் கேள்வியே. வயலில் பத்து, பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, பகுத்துக் குறைத்து அரை கிலோ அனுப்ப வேண்டும். வரப்பு ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எருக்குவியல் அடியில் எடுத்த மண்ணைக் கொண்டு வயல் முழுவதற்கும் விடை பெற முடியாது.

தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 2010களில் பயிர் மருத்துவமனைகளை நடத்தியது. பாதிக்கப்பட்ட செடியைக் கொண்டுவரும் உழவரிடம் பயிர் மருத்துவர் விவரம் கேட்டறிந்து, பரிந்துரையை எழுதித் தந்தார். 2018இல் தமிழக அரசு உழவன் செயலியை வெளியிட்டது. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு இலையின் நெருக்கப் படம் மட்டும் போதாது. இலையின் அடிப்பக்கம், முழுச் செடி, சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றின் படங்களும் தேவை.

புறநகரில்

பீர்க்கன்கரணை 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரிப்பாசன ஊர்கள் குடியிருப்புகளானபோது கேள்வி கேட்பவர்களும் மாறினர். 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் அரசு தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்துக்குப் பின், வயலே இல்லாதவர்களும் கத்தரியும் தக்காளியும் வளர்த்து ஐயம் கேட்கின்றனர். ‘செடி வாடுகிறது’ என்ற அவர்களின் புகாருக்கும், தொட்டியில் நீர் வடிகிறதா, எத்தனை நாளாக வாடுகிறது, என்ன ஊற்றினீர்கள் என்பவையே முதல் எதிர்க்கேள்விகள்.